காற்றுப் பட்டால் பேசும் பிளாஸ்டிக்

கீழே விழுந்து அடிபட்ட கைபேசியின் திரையில் முதலில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டுத் தெரியும். மறுநாள் பார்த்தால் அது பரவியிருக்கும். ஓரத்தில் ஊதா படிந்திருக்கும். ஒரு கிழமை போனால் பாதித் திரை இருண்டுவிடும். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்ச் சந்தியில் போன் திருத்தும் இளைஞர்களிடம் கொண்டுபோனால், "டிஸ்பிளே போயிட்டுது, புதுசுதான் போடவேணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அந்தத் திரையைத் திருத்த வழியில்லை.

விலை கூடிய கைபேசிகளின் ஓஎல்ஈடி திரையில் ஒளி தருவது காபன் சேர்மங்களால் ஆன படலம். தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதை மூடியிருக்கும் காப்பு உறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு விழுந்தால் போதும். ஈரமும் ஒட்சிசனும் நுழைந்துவிடும். ஒளி தரும் சேர்மமும், அதற்கு இலத்திரன் ஊட்டும் மெல்லிய உலோகப் படலமும் கெடத் தொடங்கும். நாம் பார்க்கும் கறுப்புப் பொட்டு, காற்று உள்ளே போன பாதையின் வரைபடம்.

இந்தக் காபன் சேர்மங்களின் இயல்பே அப்படி. ஈரம், அமிலம், அமோனியா, வெடிமருந்தின் ஆவி என்று எது பட்டாலும் தம் நிறத்தையோ, ஒளியையோ, மின்தடையையோ மாற்றிக்கொள்ளும். திரை செய்பவருக்கு இது தீராத தலைவலி. காற்றை வெளியே நிறுத்துவதற்காக அவர் தூசியில்லா அறை கட்டுகிறார், வெற்றிடக் கலம் வாங்குகிறார், கோடிக்கணக்கில் கொட்டுகிறார். உணரி செய்பவருக்கோ அதே இயல்புதான் முதல். காற்றில் என்ன இருக்கிறது என்று அந்தப் படலத்தைக் கேட்பதே அவர் வேலை. கந்தளாய் போன்ற ஊருக்கும், நமது கிழக்கு, வடக்குப் பல்கலைக்கழகங்களுக்கும் எட்டக்கூடியது இந்த இரண்டாவது வழிதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான வேர் நம் மண்ணில் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது.

வெள்ளி போல மின்னிய படலம்

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். செப்புக் கம்பிக்கு மேலுறையாக அதைப் போடுவதே அதனால்தான். இந்தப் பாடம் 1970களில் ஆட்டம் கண்டது.

தொடக்கம் 1967இல், டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில். ஹிடெக்கி ஷிரகாவாவின் ஆய்வுகூடத்தில் அசெற்றிலீன் வாயுவைப் பல்பகுதியமாக்கும் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆய்வுக்கு வந்திருந்த ஒருவர் ஊக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார். வழக்கமான கறுப்புத் தூளுக்குப் பதிலாகக் கிடைத்தது வெள்ளி போல மின்னும் ஒரு படலம். ஷிரகாவா அதைக் குப்பையில் போடவில்லை. ஏன் அப்படி வந்தது என்று வருடக்கணக்காகத் துருவினார். நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கற்பித்துவந்த அலன் மக்டயமிட் 1970களின் நடுப்பகுதியில் டோக்கியோ வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். பிறகு ஷிரகாவா பென்சில்வேனியா போனார். அங்கே இயற்பியலாளர் அலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். படலத்தில் அயடின் ஆவியைப் படவிட்டதும் அதன் மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. 1977இல் அந்த முடிவு அச்சேறியது; 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

நடந்தது என்ன? சாதாரணப் பொலித்தீனின் காபன் சங்கிலியில் எல்லாமே ஒற்றைப் பிணைப்பு. இலத்திரன்கள் அதனதன் இடத்தில் இறுகிக் கிடக்கும். ஷிரகாவாவின் படலத்தில் ஒற்றையும் இரட்டையுமாகப் பிணைப்புகள் மாறிமாறி வருகின்றன. இரட்டைப் பிணைப்பில் உள்ள இலத்திரன்களில் ஒரு சோடி தளர்ந்த பிடியில் இருக்கும். அயடின் அவற்றில் சிலவற்றைப் பறித்துக்கொள்ளும்போது சங்கிலியில் வெற்றிடங்கள் தோன்றுகின்றன. பக்கத்து இலத்திரன் அங்கே நகரும், அதன் இடத்துக்கு இன்னொன்று நகரும். மின்னோட்டம் பிறந்துவிட்டது. இங்கே ஒன்றை மனதில் வைக்கவேண்டும்: வெளியிலிருந்து வந்த ஓர் ஆவி, படலத்தின் குணத்தைக் கோடி மடங்கு மாற்றியது. மின்கடத்தும் பிளாஸ்டிக் பிறந்த பரிசோதனையே ஓர் உணரிப் பரிசோதனை.

இதே குடும்பத்தின் மூத்த பிள்ளை பொலிஅனிலீன். 1862இலேயே லண்டனில் ஹென்றி லெதபி என்ற வேதியியலாளர் அனிலீனை அமிலத்தில் கரைத்து மின்சாரம் செலுத்தி, நீலப்பச்சையாக ஒரு படிவைப் பெற்றிருந்தார். அது மின்சாரம் கடத்தும் பொருள் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு மக்டயமிட் அதைத் தூசிதட்டி எடுத்தார். இன்னொரு முக்கிய உறவு, 1980களின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவான பெடொட். நீரில் பரவி நிற்கும் வடிவத்தில் அது கிடைப்பதால் மை போலப் பூசலாம், அச்சிடலாம்.

கேம்பிரிட்ஜில் எரிந்த பச்சை

1989இல் கேம்பிரிட்ஜின் கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் ஜெரமி பரோஸ் என்ற இளம் ஆய்வாளர், பிபிவி எனப்படும் பல்பகுதியப் படலத்துக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படலம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. ரிச்சர்ட் பிரெண்ட், டோனல் பிராட்லி, அன்ட்ரூ ஹோம்ஸ் ஆகியோரும் சேர்ந்த அந்தக் குழுவின் கட்டுரை 1990 ஒக்ரோபரில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து இலத்திரனும் மறுபக்கத்திலிருந்து வெற்றிடமும் படலத்துக்குள் வந்து சந்திக்கும்போது ஒளி பிறக்கிறது என்பது விளக்கம். நூறு இலத்திரன் போனால் ஓர் ஒளித்துகள்கூட வராத அளவுக்கு அதன் வினைத்திறன் குறைவு. இருந்தும் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மையைப் போலப் பூசி ஒரு விளக்கைச் செய்யலாம் என்றால், செய்தித்தாள் அச்சிடுவதுபோலத் தொலைக்காட்சித் திரையை அச்சிடலாமே!

அந்தக் கனவு முழுதாகப் பலிக்கவில்லை. 2002இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் சவர இயந்திரம் ஒன்றில் சின்னஞ்சிறு பல்பகுதியத் திரை வந்தது. கேம்பிரிட்ஜ் குழு தொடங்கிய நிறுவனத்தை 2007இல் ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் வாங்கியது. கைபேசிச் சந்தையைப் பிடித்ததோ இதே காபன் குடும்பத்தின் இன்னொரு கிளை. 1987இல் கொடக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் காட்டிய வழியில், நீண்ட சங்கிலிகளுக்குப் பதிலாகச் சிறிய மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் முறை அது. இன்று நம் கையில் உள்ள திரைகள் பெரும்பாலும் அந்த வகை. அவற்றைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் செலவு நம் நாட்டின் பட்ஜெட்டோடு ஒப்பிட்டுப் பேசவேண்டிய தொகை. அந்தப் பந்தயத்தில் நாம் இல்லை என்பதை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த நூல்

பச்சை ஒளியைக் கண்ட நால்வரில் ஒருவரான டோனல் பிராட்லி பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்தார். அங்கே ஜெனி நெல்சன், ஜேம்ஸ் டுரண்ட் ஆகியோரோடு அவர் பெயரும் சேர்ந்து 2004க்கும் 2006க்கும் இடையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் முதற்பெயராக நிற்பது ஒரு தமிழரின் பெயர்: புண்ணியமூர்த்தி ரவிராஜன். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி விளக்கின் மறுபக்கம். மின்சாரம் கொடுத்தால் ஒளி தரும் படலம், ஒளி கொடுத்தால் மின்சாரம் தருமா? தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துகள் படலத்தின் மேல் பல்பகுதியத்தைப் பூசி, அதன் மேல் பெடொட் படலம் வைத்துச் செய்த சூரியக் கலங்கள் அவை. வெற்றிடங்களைத் திரட்டி எடுக்க பெடொட் எப்படி உதவுகிறது என்பதை அவரது 2005ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. அந்தக் கலங்களின் வினைத்திறன் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. ஆனால் எந்த இடைமுகத்தில் மின்னேற்றம் தொலைகிறது, அதை எப்படித் தடுப்பது என்ற அறிவு அங்கே சேர்ந்தது. அதோடு அவர் ஊர் திரும்பினார். யாழ்ப்பாணத்தில் அலுமினாவின் மெல்லிய படலத்தை இடையில் வைத்து இழப்பைக் குறைக்கும் ஆய்வுகள் தொடர்ந்தன; நோர்வேயின் பேர்கனில் பணியாற்றும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையோடு கைகோத்த கூட்டுத் திட்டங்கள் வந்தன. பேராதனையில் பேராசிரியர் காமினி ராஜபக்ச குழு, பொலிபிரோல் போன்ற மின்கடத்தும் பல்பகுதியங்களைக் களிமண்ணின் மென்தகடுகளுக்கு நடுவே வளர்த்துக்காட்டியது. அந்த வகைக் களிமண்ணுக்கு நாம் வெளிநாடு போகத் தேவையில்லை, மன்னார் முருங்கனில் கிடக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால், அழகப்பச் செட்டியாரின் கொடையில் எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், இரும்பைத் துருவிலிருந்து காக்கும் பொலிஅனிலீன் பூச்சுகள் ஆராயப்பட்டுள்ளன.

இந்த இடத்தில் நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் போகமுடியாது. ரவிராஜனின் கலங்களில் பாதி வேலையைச் செய்தது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல் என்று நிறைந்திருப்பது தைத்தேனியக் கனிமமே. 1957இல் அதற்கென அரசு கூட்டுத்தாபனம் அமைத்தது. அன்றிலிருந்து பிரித்தெடுத்த மணலைக் கப்பலேற்றி வருகிறோம். அந்த மணலின் ஒரு பிடியாவது மாவட்டத்து மாணவர் ஒருவரின் ஆய்வு மேசைக்கு வந்து, நுண்துகளாகி, பொலிஅனிலீனோடு சேர்ந்திருந்தால்! அந்தச் சேர்க்கை அமோனியாவை உணர்வதில் பொலிஅனிலீனைத் தனியாக விடச் சிறந்தது என்று சீன ஆய்வாளர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பே காட்டிவிட்டார்கள்.

மிதிவெடியின் மூச்சு

ஒளியும் உணர்வும் ஒரே படலத்தில் சந்தித்த கதை ஒன்று உண்டு. போரின் எச்சத்தோடு வாழும் நமக்கு அது நெருக்கமானது.

அமெரிக்காவின் எம்ஐடியில் திமொதி ஸ்வேகர் 1990களில் ஒளிரும் பல்பகுதியம் ஒன்றை வடிவமைத்தார். புறஊதா ஒளி பட்டால் அது பளிச்சென்று ஒளிரும். டிஎன்டி வெடிமருந்தின் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டினால் ஒளி மங்கும். டிஎன்டி இலத்திரனுக்கு ஏங்கும் மூலக்கூறு. ஒளிரத் தயாராக நிற்கும் சங்கிலியிலிருந்து இலத்திரனை இழுத்துக்கொள்ளும். வியப்பு என்னவென்றால், ஒரு மூலக்கூறு ஒட்டிய இடம் மட்டும் அணைவதில்லை. கோயில் திருவிழாச் சோடனையில் தொடராகக் கட்டிய மின்குமிழ்களில் ஒன்று போனால் வரிசை முழுதும் இருளுமே, அதுபோலச் சங்கிலியின் நீண்ட பகுதி ஒன்று சேர்ந்து அணையும். கிளர்ச்சியுற்ற சக்தி சங்கிலி நெடுக அலைந்து திரிவதால், எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்த டிஎன்டி அதைப் பிடித்துவிடுகிறது. நொமடிக்ஸ் என்ற நிறுவனம் இதைக் கையடக்கக் கருவியாக்கி 'ஃபிடோ' என்று பெயர் வைத்தது. மோப்ப நாயின் வேலையைச் செய்யும் கருவிக்கு நாயின் பெயர். ஈராக்கில் அமெரிக்கப் படை அதைப் பயன்படுத்தியது.

வன்னியிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றுபவர்கள், அவர்களில் பலர் பெண்கள், இன்றும் உலோக உணரியோடும் வாரியோடும் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறார்கள். ஜொனி எனப்பட்ட மிதிவெடிகள் மரப்பெட்டியில் செய்யப்பட்டவை; உலோகம் மிகக் கொஞ்சம். உலோகத்தைத் தேடும் கருவிக்கு அவை எளிதில் அகப்படா. வெடிமருந்தையே மோப்பம் பிடிக்கும் கருவியின் அருமை அங்கே புரியும். ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் குரோஷிய ஆய்வாளர்களோடு சேர்ந்து தேனீக்களைத் துணைக்கு அழைத்தார்கள். மிதிவெடி வயலுக்கு மேல் சுதந்திரமாகப் பறந்து திரும்பும் தேனீயின் உடலில் வெடிமருந்தின் நுண்துகள் ஒட்டியிருக்கும். கூட்டின் வாசலில் அதைச் சேகரித்து, ஒளிரும் பல்பகுதியப் படலத்திடம் காட்டி, ஒளி மங்குகிறதா என்று பார்த்தார்கள்.

வாரியை இந்தக் கருவிகள் ஓரங்கட்டிவிடவில்லை. டிஎன்டியின் ஆவி காற்றில் அற்பத்திலும் அற்பம். மண்ணின் ஈரமும் வெப்பமும் அதை நாளுக்கு நாள் மாற்றும். புறஊதா ஒளியே படலத்தை மெல்ல வெளிறச் செய்யும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அந்தக் கடப்பாட்டை நிறைவேற்றும் இறுதிக் கட்டத்தில், "இந்தப் பரப்பில் இனி ஒன்றுமில்லை" என்று உறுதி சொல்ல உதவும் கருவியாக இது வளரக்கூடும்.

மீனும் நீரும்

வெடிமருந்தை விட அன்றாடமானது மீன். திருகோணமலையின் கொட்பே துறைமுகத்தில் இறங்கும் மீன் ரெஜிபோம் பெட்டியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, நாற்பது கிலோமீற்றர் தாண்டிக் கந்தளாய்க்கு வருகிறது. ஐஸ் எவ்வளவு போட்டார்கள், வழியில் எவ்வளவு உருகியது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. செவுளை விரித்துப் பார்ப்பதும் மணந்து பார்ப்பதும்தான் நம் பரிசோதனை.

மீன் பழுதாகும்போது அமோனியாவும் அதன் உறவான அமீன்களும் ஆவியாக வெளிவரும். அமிலம் ஏற்றிய பொலிஅனிலீன் பச்சை நிறம், மின்சாரம் கடத்தும். அமோனியா பட்டால் அமிலத்தைப் பறிகொடுத்து நீலமாகும், மின்தடை ஏறும். கண்ணாலும் பார்க்கலாம், கருவியாலும் அளக்கலாம். இந்தோனேசியாவின் ஜெம்பர் பல்கலைக்கழகத்தில் பாம்பாங் குஸ்வாண்டி குழு 2012இல் இதையே மீன் பொதியின் உள்ளே ஒட்டும் வில்லையாகச் செய்துகாட்டியது. அவர்கள் நாடு நம்மைப் போன்ற வெயிலும் கடலும் உள்ள நாடு. ஜெம்பர் பெரிய தலைநகரம் அல்ல, புகையிலை விளையும் ஊர். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியும். அனிலீன், ஐதரோகுளோரிக் அமிலம், அமோனியம் பேர்சல்பேற்று, பனிக்கட்டி நீர், வடிதாள் — வேண்டியது இவ்வளவே. கரைசல் மெல்ல நீலப்பச்சையாகித் தாளில் படிவதை ஒரு பாடவேளைக்குள் பார்த்துவிடலாம். அனிலீன் தோலூடாக உடம்பில் ஏறும் நஞ்சு என்பதால் கையுறையும் புகைபோக்கி அறையும் கட்டாயம். இதை வீட்டுக் குசினியில் செய்யக்கூடாது.

அடுத்தது நீர். அக்கபோதி மன்னன் 7ஆம் நூற்றாண்டில் கட்டினான் என்று சிங்கள வரலாறும், குளக்கோட்டன் கட்டினான் என்று கோணேசர் மரபும் சொல்லும் கந்தளாய்க் குளம்தான் இந்தப் பிரதேசத்தின் உயிர். 1986 ஏப்ரல் 20 அதிகாலை அதன் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இங்குள்ள முதியோர் மறக்கவில்லை. கட்டின் உள்ளே நீரழுத்தத்தைக் கண்காணிக்க நிலைத்த, நம்பகமான கருவிகள் உலகில் உண்டு. அந்த வேலைக்கு மின்கடத்தும் பிளாஸ்டிக்கைக் கேட்பது வீண். அது உதவக்கூடியது நீரின் தரத்தில். திருகோணமலை நகரத்தின் குடிநீரும் கந்தளாயிலிருந்தே போகிறது. வயல்களின் கழிவுநீர், ஒருகாலத்தில் முத்துச்சிப்பிக்குப் பெயர்போன தம்பலகாமக் குடாவை நோக்கி வடிகிறது. பசளையில் உள்ள நைத்திரேற்று எவ்வளவு நெல்லுக்குப் போகிறது, எவ்வளவு கிணற்றுக்கும் குடாவுக்கும் போகிறது?

நைத்திரேற்றை அளக்கும் பழைய மின்வாய்களின் உள்ளே ஒரு திரவம் இருக்கும். கவிழ்த்தால் கெடும், காய்ந்தால் கெடும். 1999இல் பின்லாந்தின் ஓபோ அக்கடமியில் ஜொகான் பொபாக்கா, திரவத்துக்குப் பதிலாகப் பெடொட் படலம் ஒன்றை வைத்தார். நீரில் அயன்கள் சொல்லும் செய்தியை அது இலத்திரன்களின் செய்தியாக மாற்றிக் கருவிக்குக் கொடுத்தது. அதன் பிறகு மின்வாயை ஒரு தாளிலோ பிளாஸ்டிக் கீற்றிலோ அச்சிடும் காலம் வந்தது. நைத்திரேற்று, பொற்றாசியம், அமோனியம் என்று வேண்டியதற்கு ஏற்ப மேல்மென்சவ்வை மாற்றினால் போதும்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து சில மாதங்களில் விலக்கப்பட்டபோது, கந்தளாய் விவசாயி பட்ட பாடு நாடறியும். பெரும்போகம் அரைகுறையாகப் போனது. தடை போனபின் பசளையின் விலை அவரை வதைத்தது. கூடாது என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் கொழும்பில் வாதாடினார்கள். இந்த வரவையில், இந்தக் கிழமையில், மண்ணில் எவ்வளவு பசளைச் சத்து இருக்கிறது என்ற எண் எவரிடமும் இருக்கவில்லை. ஒரு மூடைப் பசளையை எப்போது போடலாம், எப்போது தவிர்க்கலாம் என்று சொல்லும் கீற்று ஒன்று அவர் கையில் இருந்தால் அது காசு.

இங்கே அளக்கவேண்டியவை

இந்த உணரிகளின் பலவீனத்தையும் மறைக்கக்கூடாது. பொலிஅனிலீனுக்கு அமோனியாவும் ஒன்றுதான், வேறு காரமும் ஒன்றுதான்; பிரித்தறியத் தெரியாது. பெடொட் ஈரத்தை உறிஞ்சும். குளிரூட்டிய அறையில் இருபத்தைந்து பாகையில் எடுத்த அளவீடு, ஓகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்று வீசும் கந்தளாயில் பொருந்தாது. நவம்பர் மழையில் இன்னும் பொருந்தாது. வெளிநாட்டில் செய்த உணரியை வாங்கி வந்து இங்கே வைத்தால் அது பொய் சொல்வதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது எவ்வளவு விலகுகிறது என்று பொறுமையாக அளந்து, திருத்த அட்டவணை தயாரிக்கவேண்டும்.

அந்த வேலைக்குக் கோடிகள் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது; பிரயோக விஞ்ஞான பீடமும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் படலம் பூசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பேராதனையில் பல்பகுதியம் வளர்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இறுதியாண்டு மாணவர் இருவர், ஒரு மின்தடைமானி, பொலிஅனிலீன் பூசிய சில நூறு தாள் துண்டுகள், ஐஸ் பெட்டியோடு பயணம் செய்யச் சம்மதிக்கும் ஒரு மீன் வியாபாரி. விடிகாலையில் கொட்பேயில் ஏற்றிய சூரை கந்தளாய்ச் சந்தையில் இறங்கும்போது தாள் பச்சையாக இருக்கிறதா, நீலத்துக்குச் சாய்ந்திருக்கிறதா, அதன் மின்தடை எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு என்ற எண்கள் இந்தப் பாதையில் அளந்தால்தான் கிடைக்கும்.